துவக்கில் கண்ணாடி மட்டும் என் பங்கு

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வாசித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதை விட அது என் மானத்துக்கு நல்லது. வேட்டைத் துவக்கின் மேல் பூட்டுகிற தூரக்கண்ணாடி ஒன்றை, புதுக் கார்ச் சாவியை வைப்பதுபோல அர்ச்சனைத் தட்டில் வைத்து, தேங்காய் வாழைப்பழத்தோடு கோயிலுக்குக் கொண்டுபோனவன் நான். மழைக்குத் தாங்கும், பனிக்குத் தாங்கும், பாறையில் விழுந்தாலும் தாங்கும் என்று கடைக்காரர் உறுதி தந்த கண்ணாடி அது. சந்தனத்துக்குத் தாங்குமா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

துவக்குக்கும் எனக்கும் என்ன தொடர்பு என்று என்னை அறிந்தவர்கள் கேட்பார்கள். இந்த நாட்டில் முப்பது வருடமாக எனக்கும் துவக்குக்கும் இருந்த ஒரே தொடர்பு, அதைக் கண்டதும் ரயிலில் பெட்டி மாறுவது. புதிதாக வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. சனிக்கிழமை காலையில் பேர்ண் நிலையத்தில் நின்று பாருங்கள். தோளில் துவக்கு, கையில் கோப்பி, முகத்தில் மரக்கறி வாங்கப் போகிறவரின் அமைதி. யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். போன மாதம் என் எதிர் இருக்கையில் ஒரு பட்டாளத்துப் பெடியன் வாயைத் திறந்துகொண்டு நித்திரை. கால்களுக்கிடையே நிறுத்தியிருந்த துவக்கு மெல்லச் சரிந்து என் சப்பாத்தில் வந்து சாய்ந்தது. அவன் விழித்து, "எக்ஸ்க்யூசி" என்றான். நான் "பரவாயில்லை" என்று சொன்னேன். சொல்லும்போது என் இரண்டு கையும் தோளுக்கு மேல் உயர்ந்திருந்தன. பெடியன் என்னைப் பார்த்தான். சோம்பல் முறிக்கிறேன் என்று நினைத்திருப்பான். நானும் ஒரு கொட்டாவி விட்டு அதை உறுதிப்படுத்தினேன்.

இப்படிப்பட்ட வீரனுக்குப் பிறந்த மகள், பூம்ப்ளிஸில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு நாள், புட்டைக் குழைத்தபடி, "நான் வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணீட்டன்" என்றாள். அபிராமி நில அளவை அலுவலகத்தில் வேலை செய்கிறாள். கோடை முழுக்க மலை மலையாக ஏறி இறங்குகிற வேலை. அங்கே கூட வேலை செய்பவர்களில் பாதிப்பேர் வேட்டைக்காரர். அவர்களோடு போய்ப் போய், மானின் பல்லைப் பார்த்து வயது சொல்லவும், மண்ணில் பதிந்த குளம்பைப் பார்த்து எந்த மிருகம் என்று சொல்லவும் பழகிவிட்டாள். நாங்கள் அவள் மலையில் அளவுகோல் பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மனைவி புட்டுப் பாத்திரத்தை மூடினாள். "ஊரில துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்ச என்ர பிள்ளை பரீட்சை எழுதித் துவக்கு எடுக்குது. எல்லாம் உங்கட வளர்ப்பு."

"நான் பூனைக்கே வழி விட்டு நடக்கிறவன். என்னை ஏனப்பா இழுக்கிறாய்?"

"அதுதான் சொல்லுறன். தேப்பன் விட்ட குறையைப் பிள்ளை நிரப்புது."

அபி சிரிக்கவில்லை. செப்ரெம்பரில் மலையாட்டு வேட்டை தொடங்கும், அந்த ஆட்டைத்தான் இங்கே கெம்ஸை என்கிறார்கள், முதல்முறையாகத் தன் சொந்த அனுமதிப் பத்திரத்தோடு போகப்போவதாகச் சொன்னாள். ஒருமுறைக்கு ஒரு தோட்டாவைக் கையால் ஏற்றுகிற பழைய மாதிரித் துவக்கு ஒன்றை, வேட்டையை விட்ட ஒருவரிடமிருந்து எடுக்கிறாளாம். நான் இந்தப் பிள்ளையோடு கடைசியாக எங்கே தனியாகப் போனேன் என்று யோசித்தேன். நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனது நினைவு வந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு நண்பர்கள், படிப்பு, வேலை, மலை. எனக்கு முதியோர் இல்லத்துச் சமையலறை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்கள், சோபா. ஒரு வீட்டுக்குள் இரண்டு நாட்டுக்காரர் அயலவர்போல இருந்தோம். எனக்குத் திடீரென்று ஆசை வந்தது. "நானும் வாறன், மலைக்கு" என்றேன். "துவக்கைத் தூக்கிக்கொண்டு வாறன்."

"அப்பா, நீங்கள் அதைத் தொடேலாது."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சில நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சுவிஸில் ஆயுதம் வாங்கவோ வைத்திருக்கவோ சுமக்கவோ கூடாது என்று ஒரு சட்டம். அந்தப் பட்டியலில் எங்கள் நாடும் உண்டு. மனைவியும் மகளும் எப்போதோ சுவிஸ் பிரஜைகளாகிவிட்டார்கள். நான் மட்டும் இன்னும் நிரந்தர வதிவிட அட்டையோடும் பழைய கடவுச்சீட்டோடும் நிற்கிறேன். முதலில் வீம்பு என்று சொல்லிக்கொண்டேன். பிறகு வேலை என்றேன். உண்மை என்னவென்றால், இந்த நாட்டில் எத்தனை மாகாணம், யார் யார் மந்திரி என்று என்னை மேசைக்கு முன் இருத்திக் கேட்பார்களே என்ற பயம். கேள்வி கேட்கிற மேசை எதைக் கண்டாலும் நான் வாசலைத் தேடுகிறவன். நான் அவளுடைய துவக்கைத் தூக்கியதை யாராவது கண்டால், போவது என் மானமல்ல, அவளுடைய பத்திரம்.

என் முகம் எப்படி மாறியதோ தெரியாது. அபி கொஞ்சம் இறங்கி வந்தாள். "கண்ணாடிக்குச் சட்டமில்லை. அது ஆயுதம் இல்லை. ஆசையெண்டா அதை நீங்கள் பாத்து எடுங்கோ. பலமா இருக்கோணும், விலை அறாவிலையா இருக்கக்கூடாது. பேந்து சூட்டு மைதானத்துக்கு வாங்கோ. அங்க உங்களால இருக்கேலுமெண்டா மலையைப் பற்றிக் கதைப்பம்."

அவள் சொன்னது பரீட்சை நிபந்தனை என்று எனக்கு விளங்கியது. மைதானத்தில் தாக்குப்பிடித்துக் காட்டினால் மலை. இல்லாவிட்டால் சோபா.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சமையலறையில் உருளைக்கிழங்கு சீவும்போதும் காதில் செருகியபடி காணொளி. உலகத்தில் எத்தனை ஆண்கள் கண்ணாடியை மாடியிலிருந்து போட்டும் தண்ணீர் வாளியில் ஊறவைத்தும் ஐஸ்பெட்டியில் உறையவைத்தும் வாகனத்தை மேலே ஏற்றியும் சோதிக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். கண்ணாடியில் குறியை ஒருமுறை சரிசெய்தால், எத்தனை உதை வாங்கினாலும் அது அந்த இடத்திலேயே நிற்கவேண்டும். இந்தக் குணம் எனக்குக் கிடையாது என்பதால் அதன்மேல் உடனே மரியாதை வந்தது.

சூக் நகரத்தில் உணவகம் ஒன்றில் வேலை செய்கிற என் நண்பன் சிவத்துக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அவனுக்குத் தெரியாத விசயம் உலகத்தில் இல்லை. கார், வட்டி, கலியாணப் பொருத்தம் எல்லாவற்றுக்கும் அவன்தான் எனக்கு ஆலோசகர். பலன்களை நான் இன்னும் அனுபவிக்கிறேன்.

"மச்சான், ஆகப் பெரிசாக் காட்டுறதை எடு. இருபத்தைஞ்சு மடங்கு. சந்திரனில குழி தெரியோணும்."

"பிள்ளை சந்திரனைச் சுடப் போகேல்லையடா."

"தூரத்தில நிண்டு சுட்டா ஆபத்தில்லையெல்லோ? உனக்குப் பிள்ளையில அக்கறை இருக்கோ இல்லையோ?"

அந்தக் கடைசிக் கேள்வியில் விழுந்துவிட்டேன். தூரம் என்றால் பாதுகாப்பு என்பது எங்களுக்கு எலும்புக்குள் ஊறிய கணக்கு. சந்தேகமான எதற்கும் எங்களுக்கும் நடுவே எத்தனை வயல் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே ஆகத் தூரம் காட்டுகிற, ஆகப் பலமான, என் சம்பளம் பொறுக்கக்கூடிய ஒன்று வேண்டுமென்று தீர்மானித்து, தூண் நகரத்துப் பக்கம் போகிற ரயிலில் ஏறி, ஒரு சிறு பட்டணத்துத் துவக்குக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என் வயதுக்காரர். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். தூரக்கண்ணாடி வேண்டுமென்றேன். "எதற்கு?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் கேட்டார். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர் கண்ணைப் பார்த்து எதற்கு என்று கேட்டால் எனக்குள் ஒரு பழைய பெட்டி தானாகத் திறந்துகொள்ளும். அகதி விசாரணையில் ஒரு நாள் முழுக்கக் கேட்ட கேள்விகளுக்கு அன்று சொல்லாமல் விட்ட மிச்சப் பதிலையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினேன். "நான் எந்த இயக்கத்திலும் இருக்கவில்லை. இதுவரை துவக்கைத் தொட்டதில்லை. இது மகளுக்கு. மகள் சுவிஸ் பிரஜை. பரீட்சையில் சித்தியடைந்தவள். எனக்கு இங்கே ஒரு வழக்கும் கிடையாது. ஒருமுறை சைக்கிளுக்கு விளக்கில்லாமல் போனது மட்டும்." சொல்லிக்கொண்டே வதிவிட அட்டை, கடவுச்சீட்டு, சம்பளத் துண்டு, மகளின் பரீட்சைச் சான்றிதழின் பிரதி எல்லாவற்றையும் கண்ணாடி மேசையில் வரிசையாக வைத்தேன். மனைவி சுற்றித் தந்த இடியப்பப் பார்சலும் அதே பையில் இருந்ததால் அதுவும் வரிசையில் சேர்ந்துவிட்டது.

அவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, "மான் வேட்டையா, மலையாட்டு வேட்டையா?" என்று கேட்டார்.

எதற்கு என்று கேட்டது அதைத்தானாம்.

இருபத்தைந்து மடங்கு என்றதும் அவர் தலையை ஆட்டினார். அது கல்லுப்போல் கனக்கும், மலையேறுகிற பிள்ளையின் முதுகுக்குத்தான் தண்டனை என்றார். அவ்வளவு பெருப்பித்தால் பார்வை குறுகும். மூச்சு விட்டாலே படம் ஆடும். விடிகாலை வெளிச்சத்தில் இருண்டுபோகும். மூன்று மடங்கிலிருந்து பன்னிரண்டு மடங்குவரை திருப்பக்கூடிய ஒன்றை எடுத்து வைத்தார். பேர்பெற்ற பெரிய கம்பனியல்ல. ஆனால் இதே மாதிரி ஒன்று தன்னோடு ஒரு சரிவில் உருண்டு வந்தது, தன் விலா எலும்பு முறிந்தது, கண்ணாடியின் குறி அசையவில்லை என்றார். "நல்ல வெளிச்சத்தில் இது நீங்கள் நினைப்பதைவிடத் தூரம் காட்டும். மிச்சத் தூரத்தை உங்கள் மகள் நடந்து குறைக்கட்டும். கிட்டப் போகத் தெரியாதவருக்கு நான் கண்ணாடி விற்பதில்லை."

வாசலில் கொண்டுபோய்ப் பார்க்கச் சொன்னார். கண்ணில் வைத்தேன். எதிர் மலைச் சரிவில் ஒரு வீட்டு மாடம். ஒரு பெண் மேசைவிரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். அவளுடைய காதுத் தோடு தெரிந்தது. நடுவே மெல்லிய கறுப்புச் சிலுவைக் கோடு. அவளுக்கு என்னைத் தெரியாது. நான் பார்ப்பதும் தெரியாது. விரிப்பை மடித்து, கையால் தடவி, ஏதோ முணுமுணுத்தாள். பாட்டாக இருக்கலாம்.

சட்டென்று கண்ணாடியை இறக்கினேன். ஊரில் எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு, முடிகிற இடத்தில் இராணுவ முகாம். அதன் காவலரண் தண்ணீர்த் தாங்கியின் உச்சியில் இருந்தது. ரியூசனுக்குப் போகிற நாங்கள் கள்ளுக்கொட்டில் தாண்டியதும் சைக்கிளை விட்டு இறங்குவோம். ஓடக்கூடாது. குனியக்கூடாது. இரண்டு கையும் ஹாண்டிலில் தெரியவேண்டும். தாங்கியின் உச்சியில் சில நேரம் ஏதோ மின்னும். மின்னியதும் நான் பக்கத்தில் வருகிறவனுக்குப் பகிடி சொல்லத் தொடங்குவேன். சிரிக்கிறவனைச் சுடமாட்டார்கள் என்று எனக்கொரு நம்பிக்கை. என் வாய் இத்தனை நீளமானது அந்த வீதியில்தான். அந்த மின்னலுக்குப் பின்னால் இருந்தவனுக்கு என் சட்டைப் பொத்தான் எண்ணக்கூடியதாக இருந்திருக்கும் என்று, நாற்பது வருடம் கழித்து, ஒரு சுவிஸ் கடை வாசலில்தான் எனக்கு உறைத்தது. அவனுக்கும் மூச்சு விட்டால் படம் ஆடியிருக்குமோ என்று யோசித்தேன்.

"தெளிவாக இருக்கிறதா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"அளவுக்கு மிஞ்சி" என்றேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு பெட்டியில் வைத்துக் கட்டினார். துடைப்பதற்கு ஒரு சிறு துணியும் தந்து, இதைத் தவிர வேறெதாலும் துடைக்கவேண்டாம் என்றார். அந்தத் துணியை வீட்டில் கண்ணாடி அலுமாரிக்குள் பத்திரமாக வைத்தேன். இன்றும் அது புத்தம் புதிதாக இருக்கிறது.

வேட்டையே வேண்டாமென்று நின்ற மனைவிதான், சாமான் வீட்டுக்குள் வந்ததும், "வாங்கிப்போட்டியள். கோயிலில ஒருக்கால் வைச்சு எடுங்கோ. பிள்ளைக்கு ஒண்டும் நடக்கக்கூடாது" என்றாள். கார் வாங்கினால் வைக்கிறோம். மகள் மடிக்கணினி வாங்கியபோதும் வைத்தோம். வெள்ளிக்கிழமை வேட்டி கட்டிக்கொண்டு போனேன்.

"இதென்னண்ணை, கமராவோ?" என்றார் ஐயர்.

"ஓம் ஐயா. ஒரு மாதிரிக் கமராதான்."

கமராவுக்கு எது முகம் என்று அவருக்குத் தெரியும். நல்ல மனுசன், குறை வைக்கவில்லை. முன் கண்ணாடியில் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். பின் கண்ணாடியிலும் அப்படியே. மேலே ஒரு கை விபூதி. காரில் வந்து ஏறிய பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. காய்வதற்கு முன் துடைக்கவேண்டுமே என்ற அவசரத்தில், அதே விபூதி படிந்த வேட்டித் தலைப்பால் அழுத்தித் தேய்த்தேன். சமையலறையில் சட்டி மினுக்குகிறவன் கை. சந்தனம் போனது. கண்ணாடியில் மெல்லிய வளையமாகக் கீறல்கள் வந்தன. அதைப் பெட்டியில் வைத்து அபியிடம் கொடுக்கும்போது, "நல்ல சாமான்" என்று மட்டும் சொன்னேன். எனக்கு அவ்வளவு குறைவாகப் பேசத் தெரியும் என்று அன்றுதான் அறிந்தேன்.

வேட்டைக்கு முன்பு ஒவ்வொரு வருடமும் குறி தவறாதென்று சுட்டுக் காட்டவேண்டும். அதற்கான சனிக்கிழமை மைதானத்துக்குப் போனோம். மேற்பார்வைக்கு வ்ரேனி என்ற அம்மா. எழுபது தாண்டியிருப்பார், ஆண்களெல்லாம் அவர் சொல்லுக்கு நின்றார்கள். அபி துவக்கை மேசையில் கிடத்தியிருந்தாள். நான் கையில் கொண்டு திரிந்த கண்ணாடி அதன் முதுகில் பூட்டப்பட்டிருந்தது. திருகாணிகள் இறுகியதோடு அது எல்லை கடந்துவிட்டது. நான் தெரிந்து வாங்கிய சாமான், இனி நான் தொட்டால் குற்றம்.

அபி கண்ணை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். "அப்பா, ஓரத்தில மஞ்சளாக் கிடக்கு."

சொன்னேன். எல்லாவற்றையும். அவள் பேர்ண் ஜேர்மனில் வ்ரேனிக்கு மொழிபெயர்க்கும்போது என் கதை பாதியாகச் சுருங்கியது. வ்ரேனி குனிந்து கண்ணாடியை முகர்ந்து பார்த்தார். "நல்ல மணம். மலையாட்டுக்கும் மணக்கும்" என்றார். பிறகு தன் பையிலிருந்து தூரிகையும் துணியும் எடுத்து, வளையத்தின் இடுக்கில் இருந்த சந்தனத்தைத் தோண்டினார். கீறல் இருக்கும், வெயில் முகத்துக்கு நேரே வந்தால் கொஞ்சம் பூக்கும், குறிக்குப் பிழையில்லை என்று தீர்ப்புச் சொன்னார். எனக்குக் காதுமூடி தந்து பின்னால் கிடந்த நீள மர வாங்கில் இருக்கச் சொன்னார்கள்.

பக்கத்து மேசையில் யாரோ சுட்டார்கள், முதல் வெடி. நான் வாங்கில் இல்லை. சீமெந்துத் தரையில் கன்னம் பதிய, வாங்குக்கடியில் இருந்தேன். எப்படி வந்தேன் என்று இன்றும் தெரியாது. கால்களைக் கேட்டால் அவற்றுக்குத் தெரிந்திருக்கும். பக்கத்தில் இருந்த ஒருவர் குனிந்து, "ஏதாவது விழுந்துவிட்டதா?" என்று கேட்டார்.

"ஓம். என் மூக்குக்கண்ணாடி" என்றேன்.

உதவும் மனமுள்ள சனம். மூன்று சுவிஸ்காரர் முழங்காலில் நின்று தரையைத் தடவினார்கள். ஒருவர் கைத்தொலைபேசி விளக்கை அடித்தார். மூக்குக்கண்ணாடி என் மூக்கில் இருந்தது. அதை முதலில் கண்டவர் வ்ரேனி. காட்டிக்கொடுக்காமல் மற்றவர்களை எழும்பச் சொன்னார். அபி துவக்கைத் திறந்து வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள். என் தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள்.

"வீட்ட போவமோ, அப்பா?"

"ஏன்? நீ இன்னும் சுடேல்லையே."

"நீங்கள் இருப்பியளோ?"

"வாங்கைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன். வாங்கு ஆயுதமில்லைத்தானே?"

அவள் போய்த் துவக்கோடு தரையில் படுத்தாள். பலகையில் மலையாட்டின் படம். நான் வாங்கின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தேன். ஒவ்வொரு வெடிக்கும் நெஞ்சு மட்டும் வாங்குக்கடிக்குப் போய் வந்தது, உடம்பு இருந்த இடத்தில் இருந்தது. வெடிகளுக்கு நடுவே அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்துகிறாள். அந்த நிறுத்தம் எங்கே பழகினாளோ. எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. எல்லா ஓட்டையும் படத்தின் தோளுக்குப் பின்னே, ஒரு உள்ளங்கைக்குள் அடங்கியிருந்தன. குறி சரியென்று வ்ரேனி கையெழுத்து வைத்துச் சான்றுப் பத்திரத்தைக் கொடுத்தார்.

துவக்கை வெறுமையாக்கி, தாழ்ப்பாளைக் கழற்றி வேறாக வைத்த பிறகு, எனக்கு ஒரு ஆசை வந்தது. ஒருமுறை அந்தக் கண்ணாடிக்குள்ளால் பார்க்கவேண்டும். சொன்னதும் அபி தயங்கினாள். அவள் கண் கையிலிருந்த பத்திரத்துக்குப் போனது. வ்ரேனியைப் பார்த்தாள்.

"சட்டம் கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை" என்றார் வ்ரேனி. "கையைப் பின்னால் கட்டச் சொல்."

கட்டினேன். அதை எனக்கு இங்கே யாரும் பழக்கவேண்டியதில்லை, ஊரில் இராணுவம் பழக்கிவிட்டது. ஒரு மணிக்கட்டை மற்றக் கை தேடிப் பிடித்துக்கொண்டது. அப்படியே முழங்காலில் நின்று, கழுத்தை மட்டும் நீட்டி, கண்ணை வைத்தேன். உள்ளே மத்தியான வெளிச்சம். சிலுவைக் கோட்டுக்கு நடுவே என் மகளின் ஓட்டைகள். கொஞ்சம் மேலே, மண்மேட்டைத் தாண்டி, யாருடையதோ புல்வெளி, அதற்கும் மேலே பனி வடிந்த கல்மலை. கண் அங்கே ஏறிப்போய்விட்டது. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால், இன்னொரு நாட்டின் ஒழுங்கையில், யாரோ அவிழ்த்துவிடச் சொல்லும்வரை காத்து நின்றன.

அப்படி நின்றபடியே, திரும்பாமல், என்னால் முடிந்தவரை சாதாரணமாகக் கேட்டேன். "பிள்ளை, அப்ப செப்ரெம்பரில நானும் வரட்டே? சாப்பாட்டுப் பை தூக்குவன். இடியப்பம் கட்டுவிச்சுக்கொண்டு வருவன். வெடிச்சத்தம் இனிப் பரவாயில்லை, பாத்தனிதானே. சந்தனம் பூசமாட்டன். அந்த மலையாடு எந்தப் பக்கத்தால வருமெண்டு—"

"கதைக்காம இருப்பியளெண்டா வாங்கோ."